ஓய்வு நாளும் இரு சக்கரமும்

உழைப்பின் வரலாற்றை எழுதியோர் பலர். ஓய்வின் வரலாற்றை எழுதியோர் சிலரே. அரசர்தம் போர்களும் ஆட்சி மாற்றங்களும் ஆண்டு முறைப்படி பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. பொறிகளின் தோற்றமும் ஆலைகளின் பெருக்கமும் அவ்வாறே இடம்பெற்றுள்ளன. ஆறு நாள் ஆலையில் உழைத்த ஒருவன் ஏழாம் நாளை எவ்வாறு கழித்தான், அந்நாள் அவனுக்கு எவ்வாறு கிடைத்தது, அதனால் அவன் பெற்ற இன்பம் யாது என்னும் வினாக்களுக்கோ அந்நூல்களில் விடை காண்பது அரிது. இவ்வினாக்களுக்கு விடை தரவல்ல சான்றுகளுள் ஒன்று மிதிவண்டியாகும்.

வார இறுதியில் நண்பர்கள் குழுவாகக் கூடி, நகரை விட்டு நீங்கி, நெடுஞ்சாலை வழியே பல கல் தொலைவு மிதிவண்டியில் சென்று மீளும் வழக்கம் இன்று உலகின் பல நாடுகளில் உண்டு. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஞாயிறு விடியலில் இத்தகைய குழுக்களைக் காணலாம். இவ்வழக்கம் நன்கு உருப்பெற்ற இடம் இங்கிலாந்து. உருப்பெற்ற காலம் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முப்பது ஆண்டுகள். அதன் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவோர்க்கு, பொழுதுபோக்கு எனத் தோன்றும் ஒன்றன் பின்னே சட்டமும் போராட்டமும் கண்டுபிடிப்பும் கடல் கடந்த மக்களின் உழைப்பும் இணைந்து நிற்பது புலனாகும்.

ஓய்வு நாளின் தோற்றம்

பயிர்த்தொழிலை நம்பி வாழ்ந்த காலத்தில் உழைப்பும் ஓய்வும் பருவத்தைப் பொறுத்து அமைந்தன. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே சற்று ஓய்வு உண்டு. அறுவடைக்குப்பின் திருவிழா உண்டு. நீராவிப் பொறியும் நூற்பாலையும் வந்தபின் அந்நிலை மாறிற்று. பொறிக்குக் கோடையும் இல்லை, குளிரும் இல்லை. அதனருகே நின்று உழைத்தோர் பொழுது புலருமுன் ஆலைக்குள் நுழைந்து, இருட்டியபின் வெளியே வந்தனர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஆலை மூடிக் கிடந்த நாள். அந்நாளும் வழிபாட்டுக்குரியது என்று கருதிய சமயப் பற்றாளர் பலர், அன்று விளையாடுவதையும் ஊர் சுற்றுவதையும் கடிந்தனர்.

இந்நிலையை மாற்றத் தொழிலாளர் இயக்கத்தினரும் அவர்பால் இரக்கங்கொண்ட சான்றோரும் நெடுங்காலம் போராடினர். அதன் பயனாக 1847ஆம் ஆண்டில், துணியாலைகளில் பணியாற்றிய பெண்களுக்கும் இளையோர்க்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை என்னும் சட்டம் வந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஓரடி முன் சென்று, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவர்தம் வேலை முடிவுற வேண்டும் என விதித்தது. பெண்களும் இளையோரும் சென்றபின் ஆலையை ஓட்டுவது இயலாததாதலின், ஆடவர்க்கும் அவ்வரை நாள் ஓய்வு கிட்டியது. அடுத்த சில பத்தாண்டுகளில் தொழிற்சங்கங்களின் முயற்சியால் இவ்வழக்கம் பிற தொழில்களுக்கும் பரவியது. 1871ஆம் ஆண்டில் வங்கி விடுமுறைச் சட்டமும் வந்தது. ‘வார இறுதி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் பெருவழக்காயிற்று என்றால், அது இம்மாற்றங்களுக்குப் பின்னரே என்பது கருதத்தக்கது. கடைச் சிப்பந்திகளோ இன்னும் காத்திருக்க நேர்ந்தது. வாரத்தில் அரை நாள் ஓய்வு அவர்களுக்குச் சட்டப்படி உறுதியானது 1911ஆம் ஆண்டில்தான்.

ஓய்வு கிடைத்தவுடன், அதனை எங்கே கழிப்பது என்னும் வினா எழுந்தது. புகை சூழ்ந்த மான்செஸ்டரிலும் பர்மிங்காமிலும் வாழ்ந்தோர்க்குப் பசும்புல்லும் தூய காற்றும் தொலைவில் இருந்தன. நடந்து சென்றால் நகரின் எல்லையைக் கடப்பதற்குள் பொழுது சாயும். புகைவண்டியோ தண்டவாளம் போட்ட ஊருக்கு மட்டுமே செல்லும். குதிரை வைத்துப் பேணுவது செல்வர்க்கே இயலும். இக்குறையை நிறைத்த ஊர்தியே மிதிவண்டி.

ஊர்தியின் வளர்ச்சி

1817ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பார், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு சக்கரங்களை உடைய ஓர் ஊர்தியை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. காலால் நிலத்தை உந்தியே செல்ல வேண்டும். 1860களில் பாரிசு நகரில் முன்சக்கரத்தோடு மிதிகட்டை இணைக்கப்பட்டது. மிதிகட்டை ஒருமுறை சுழன்றால் சக்கரமும் ஒருமுறையே சுழலும் ஆதலின், விரைவை விரும்பியோர் முன்சக்கரத்தை மேன்மேலும் பெரிதாக்கினர். 1870களில் ஓடிய வண்டிகளில் முன்சக்கரம் ஓட்டுநரின் மார்பளவு உயர்ந்து நின்றது. பின்சக்கரம் மிகச் சிறிதாக இருந்தது. கல் ஒன்று தடுக்கினும் ஓட்டுநர் தலைகுப்புற விழுவார். எனவே, அவ்வண்டி துணிவும் உடல்வலியும் பணமும் படைத்த இளைஞர்க்கே உரியதாயிற்று.

1885ஆம் ஆண்டில் கவன்றி நகரைச் சேர்ந்த ஜான் கெம்ப் ஸ்டார்லி, ‘ரோவர்’ என்னும் பெயரில் புதுவகை வண்டியொன்றை வெளியிட்டார். இருக்கை தாழ்ந்திருந்தது, மிதிகட்டையின் ஆற்றல் சங்கிலி வழியே பின்சக்கரத்தை இயக்கிற்று. கால் நிலத்தைத் தொடும் உயரத்தில் அமர்ந்து செல்லலாம் ஆதலின், மக்கள் அதனைப் ‘பாதுகாப்பு வண்டி’ என்றே அழைத்தனர். இன்று சாலையில் ஓடும் மிதிவண்டிகளின் அமைப்பு இதன் வழிவந்ததே.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. கெட்டி இரப்பர் பட்டை பொருத்திய சக்கரங்கள் கல்பாவிய சாலையில் உடலை உலுக்கி எடுத்தன. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த இரப்பர்க் குழாயைச் சுற்றிப் பார்த்தார். வண்டி மெத்தென ஓடியது. 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். காற்றடைத்த டயரை 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் படைத்திருந்தார் என்பதும், அன்று அதனைப் பயன்படுத்தத்தக்க ஊர்தி பெருகாமையால் அது மறக்கப்பட்டது என்பதும் பின்னர் தெரியவந்தன. 1889ஆம் ஆண்டில் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹ்யூம் என்னும் வீரர் டன்லப் டயர் பூட்டிய வண்டியில் வென்றார். சில ஆண்டுகளுக்குள் கெட்டி இரப்பர்ப் பட்டை வழக்கொழிந்தது. நெடுந்தொலைவுப் பயணம் உடலுக்குத் துன்பம் தராத ஒன்றாக மாறியது.

குழுப் பயணம்

மிதிவண்டியில் தனியே செல்வதினும் கூட்டமாகச் செல்வதே தொடக்க காலத்தில் வழக்கமாயிற்று. சாலையில் நாய்கள் துரத்தின; வண்டியோட்டிகள் சவுக்கை வீசினர்; சிறுவர்கள் கல்லெறிந்தனர். மிதிவண்டியும் சட்டப்படி ஒரு வண்டியே என 1888ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிக்கும்வரை, சாலையில் அதற்குரிய இடம் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. ஆகவே, கூட்டம் பாதுகாப்பாகவும் இருந்தது, துணையாகவும் இருந்தது.

1870ஆம் ஆண்டில் இலண்டனின் ஹாக்னி பகுதியில் தோன்றிய பிக்விக் மிதிவண்டிக் கழகம் இத்தகைய குழுக்களுள் மிகப் பழமையானது. அவ்வாண்டில் மறைந்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சின் நினைவாக அவர் படைத்த பாத்திரம் ஒன்றன் பெயரை அது தாங்கிற்று. இத்தகைய கழகங்கள் பலவற்றில் தலைவரும் துணைத்தலைவரும் இருந்தனர், சீருடை இருந்தது, ஊதுகொம்பு ஊதுவோரும் இருந்தனர். கொம்பின் ஒலி கேட்டு வண்டியில் ஏறினர்; ஒலி கேட்டு இறங்கினர். முன்னே தலைவர் செல்ல, பின்தங்கியோரைத் திரட்டிக்கொண்டு மற்றொருவர் இறுதியில் வந்தார். களைத்தவரை நடுவழியில் விட்டுச் செல்லலாகாது என்னும் முறை இன்றும் நல்ல குழுக்களில் போற்றப்படுவதாகும்.

1878ஆம் ஆண்டில் ஹாரோகேட் நகரில் ஸ்டான்லி காட்டரல் என்னும் இளைஞரின் முயற்சியால் மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் நிறுவப்பட்டது. இக்கழகம் ஊர்தோறும் விடுதிகளைத் தேர்ந்து, உறுப்பினர்க்குக் குறித்த விலையில் உணவும் உறைவிடமும் தரும்படி ஒப்பந்தம் செய்துகொண்டது. இறக்கை முளைத்த சக்கரம் பொறித்த இரும்புப் பலகை விடுதி வாயிலில் தொங்கினால், அங்கே மிதிவண்டியில் வருவோர்க்கு வரவேற்பு உண்டு எனப் பொருள். செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளையும் கழகத்தார் நட்டனர். புகைவண்டி வந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த நெடுஞ்சாலைகளைச் செப்பனிடுமாறு வலியுறுத்த 1886ஆம் ஆண்டில் சாலைச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தவருள்ளும் இக்கழகத்தார் முன்னின்றனர். பின்னாளில் மோட்டார் வண்டிகள் ஓடிய நல்ல சாலைகளுக்கு முதற்குரல் கொடுத்தோர் மிதிவண்டியினரே. 1899ஆம் ஆண்டில் கழகத்தின் உறுப்பினர் தொகை 60,449 ஆக உயர்ந்தது.

வார இறுதிப் பயணத்திற்குப் பெயர்பெற்ற வழி, இலண்டனிலிருந்து தென்மேற்கே ரிப்லி என்னும் சிற்றூருக்குச் செல்லும் சாலை. அச்சாலையோரத்து ‘ஆங்கர்’ விடுதியை டிபிள் குடும்பத்துச் சகோதரிகள் நடத்தினர். பசியோடு வந்தோர்க்கு அவர்கள் அன்புடன் உணவிட்டனர். விடுதிப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான மிதிவண்டியினர் கையொப்பமிட்டனர். ஞாயிறன்று ஊர் சுற்றுவோர் கோயிலை மறந்தனர் என்று பிறர் குறைகூறியபோது, ரிப்லி ஊர்த் தேவாலயத்தில் மிதிவண்டியினர்க்கெனத் தனி வழிபாடு நிகழ்ந்தது. அச்சகோதரிகளுள் ஆனி என்பார் மறைந்தபின், மிதிவண்டியினர் பொருள் திரட்டி அத்தேவாலயத்தில் நினைவுச் சாளரம் ஒன்றை அமைத்தனர். விடுதி நடத்திய பெண்மணி ஒருவர்க்கு வழிப்போக்கர் எடுத்த அந்நினைவுச் சின்னம், அப்பயணங்களில் மலர்ந்த நட்பின் ஆழத்தைக் காட்டும்.

பெண்டிர் பெற்ற வழி

மிதிவண்டியின் வரவால் பெரும்பயன் எய்தியோர் பெண்டிர். துணைக்கு ஒருவர் வராமல் வெளியே செல்வது இழுக்கு எனக் கருதப்பட்ட காலம் அது. நிலம் புரளும் பாவாடையும் இறுகிய இடைக்கச்சும் அணிந்து மிதிவண்டி ஓட்டல் இயலாது. ஓட்டினால் பாவாடை சங்கிலியில் சிக்கும். ஆகவே, வண்டியில் ஏறவேண்டுமெனில் உடையை மாற்ற வேண்டும். உடையை மாற்றினால் ஊரார் பழி தூற்றுவர். 1893ஆம் ஆண்டில் டெசி ரெனால்ட்ஸ் என்னும் 16 வயதுப் பெண், முழங்காலளவுக் காற்சட்டை அணிந்து பிரைட்டனிலிருந்து இலண்டன் சென்று மீண்டார். ஏறத்தாழ 190 கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்தில் கடந்தார். அவர் காட்டிய ஆற்றலைவிட அணிந்த உடையைப் பற்றியே செய்தித்தாள்கள் மிகுதியாக எழுதின.

1898ஆம் ஆண்டில், உடைச் சீர்திருத்தத்திற்காக உழைத்த ஹார்பர்ட்டன் சீமாட்டியார் மிதிவண்டியில் சென்று, ரிப்லிக்கு அணித்தான ஆக்கம் என்னும் ஊரிலுள்ள ‘ஹாட்பாய்’ விடுதியில் உணவு கேட்டார். அவர் அணிந்திருந்த அகன்ற காற்சட்டையைக் கண்ட விடுதித் தலைவி, உணவறையில் இடந்தர மறுத்து, மது அருந்துவோர் கூடும் பகுதிக்குச் செல்லுமாறு கூறினார். மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் விடுதித் தலைவிமீது வழக்குத் தொடுத்தது. 1899ஆம் ஆண்டில் ஜூரிகள் விடுதித் தலைவிக்குச் சார்பாகவே முடிவு கூறினர். வழக்கு தோற்றது. ஆயினும் நாடெங்கும் அதுபற்றிப் பேச்சு எழுந்தது, காலப்போக்கில் உடையும் மாறியது, வழக்கமும் மாறியது.

தொழிலாளர் கண்ட இன்பம்

தொடக்கத்தில் மிதிவண்டியின் விலை கைத்தொழிலாளி ஒருவரின் பல வாரக் கூலிக்கு ஒப்பாக இருந்தது. 1896ஆம் ஆண்டில் மிதிவண்டிமீது மக்கள் கொண்ட மோகம் உச்சத்தை அடைந்தது. ஆலைகள் அளவுக்கு மீறி உற்பத்தி செய்தமையால், அடுத்த ஆண்டிலேயே விற்பனை சரிந்து விலையும் வீழ்ந்தது. முதலாளிகள் பலர்க்கு அது இழப்பு. தொழிலாளர்க்கு அது வாய்ப்பு. தவணை முறையிலும், பிறர் பயன்படுத்தி விற்ற வண்டியாகவும் அதனை அவர்கள் வாங்கினர். எச். ஜி. வெல்ஸ் 1896ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி வீல்ஸ் ஆப் சான்ஸ்’ என்னும் நாவலின் தலைவன் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் பத்து நாள் விடுமுறையில் பழைய மிதிவண்டியொன்றில் தென்னிங்கிலாந்தைச் சுற்றி வருகிறான். கடையில் தலைகுனிந்து நின்றவன் சாலையில் யாருக்கும் தாழாதவனாகத் தன்னை உணர்கிறான். இளமையில் துணிக்கடையில் பயிற்சி பெற்ற வெல்ஸ், அவ்வுணர்வை நன்கு அறிந்தே எழுதினார் எனலாம்.

1894ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பர்மிங்காமில் சில இளைஞர் கூடி ஒரு மிதிவண்டிக் குழுவைத் தொடங்கினர். சமதருமக் கொள்கையைப் பரப்பி வந்த ராபர்ட் பிளாட்ச்போர்டு நடத்திய ‘கிளாரியன்’ வார இதழின் பெயரையே தம் குழுவுக்கும் இட்டனர். அடுத்த ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் ஆஷ்போர்ன் என்னும் ஊரில் பல நகரக் குழுக்களும் ஒன்றுகூடின. கிளாரியன் குழுவினர் செல்லும் ஊர்தோறும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் வழங்கினர். சந்தை வெளியில் நின்று சொற்பொழிவாற்றினர். சாலையில் எதிர்ப்பட்டால் ஒருவர் ‘பூட்ஸ்’ எனக் கூவ, மற்றவர் ‘ஸ்பர்ஸ்’ என விடையிறுப்பர். குதிரை ஏறுவோர் அணியும் காலணியையும் அதன் குதிமுள்ளையும் குறிக்கும் சொற்கள் அவை. குதிரை வாங்க வழியில்லாதோர் அச்சொற்களை நகைச்சுவையாகத் தமக்கு ஆக்கிக்கொண்டமை சுவைக்கத்தக்கது. லங்காஷயரில் ரஃப்லீ ஊரருகே 1912ஆம் ஆண்டில் நெல்சன் நகரச் சுயேச்சைத் தொழிலாளர் கட்சியினர் கட்டிய கிளாரியன் இல்லம், நூறாண்டு கடந்தும் ஞாயிறுகளில் வழிப்போக்கர்க்குத் தேநீர் வழங்கும் இடமாக நிலைத்து வந்துள்ளது.

பயணத்தின் இன்பம் யாது?

நடப்போன் காண்பது நுட்பமானது, ஆயின் குறைவானது. புகைவண்டியில் செல்வோன் காண்பது மிகுதி. ஆயின் அது கண்ணில் நில்லாது. மிதிவண்டியில் செல்வோன் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவன். வேலியோரத்து மலரின் மணம் அவனை எட்டும். ஒரே நாளில் மூன்று ஆறுகளையும் அவன் கடப்பான். ஏற்றத்தில் ஒவ்வோரடியும் தன் காலால் வென்றவனுக்கு, இறக்கத்தில் முகத்தில் மோதும் காற்று உரிமைப் பொருளாகத் தோன்றும். பசித்து உண்ணும் உரொட்டியின் சுவையும், இருவர் இணையாகச் செல்லும்போது முகம் நோக்காமலே தொடரும் உரையாடலும், அந்தியில் விளக்கேற்றிக்கொண்டு வீடு திரும்பும் களைப்பும் இப்பயணத்தின் பேறுகளாகும்.

இவ்வின்பத்தைக் கலையாகவே வளர்த்தவர் பிரான்சு நாட்டுப் பால் தெ விவி. 1853ஆம் ஆண்டில் பிறந்த அவர், பட்டு வணிகத்தை விட்டுச் செந்தெத்தியன் நகரில் மிதிவண்டித் தொழிலை மேற்கொண்டார். 1887ஆம் ஆண்டில் ‘லெ சிக்லிஸ்த்’ என்னும் இதழைத் தொடங்கி, ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் எழுதினார். மலைநாட்டிலும் முதியோரும் பெண்டிரும் எளிதில் செல்லும் வண்ணம் பல வேகப் பற்சக்கரங்கள் வேண்டும் என வாதிட்டார். பந்தயப் போக்குடையோர் அதனை வலிமையற்றவர்க்குரியது என இகழ்ந்தனர். பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் வேகமாற்றுக் கருவி 1937ஆம் ஆண்டில்தான் ஏற்கப்பட்டது. பசிக்குமுன் உண்க, விடாய்க்குமுன் பருகுக, மறுநாள் உணவும் உறக்கமும் கெடும் அளவுக்குக் களைப்புறற்க, பிறர் மெச்ச வேண்டும் என்று மிதியற்க என்பன அவர்தம் அறிவுரைகளின் சாரம். 1930ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். செந்தெத்தியன் நகரை அடுத்த மலைச்சாலையில் 1922ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் நிகழ்ந்துவரும் ஏற்ற விழாவில் சிறுவரும் முதியோரும் ஒருங்கே கலந்துகொள்வர்.

1897ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் இத்தாலியர் சிலர், ஞாயிறு தோன்றி மறைவதற்குள் உரோமிலிருந்து நேப்பிள்சுக்கு 230 கிலோமீட்டர் செல்ல முனைந்தனர். ‘துணிவுடையோர்’ எனப் பொருள்படும் ‘ஆடாக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல் அவர்களுக்குப் பெயராயிற்று. 1904ஆம் ஆண்டில் இம்முறை பிரான்சிலும் தொடங்கிற்று. குறித்த நேரத்திற்குள் குறித்த தொலைவை முடித்தோர் அனைவர்க்கும் ஒரே சிறப்பு. முதல்வர் என்றும் இறுதியானவர் என்றும் வேறுபாடு இல்லை. இன்று 200 கிலோமீட்டர்ப் பயணத்திற்குப் பதின்மூன்றரை மணி நேரம் அளிக்கப்படுகிறது. பலர் தம் இளமை கழிந்தபின்னரும் இதனை நிறைவேற்றி மகிழ்கின்றனர்.

இரப்பரின் மறுபக்கம்

இத்துணை இன்பமும் காற்றடைத்த டயரின்மீது உருண்டு சென்றது. அந்த டயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது விடுத்தால் இவ்வரலாறு அரைகுறையாகவே அமையும்.

1890களின் மிதிவண்டிப் பெருக்கம் இரப்பரின் தேவையை மிகுவித்தது. அன்று கிடைத்த இரப்பரின் பெரும்பகுதி அமேசான் காடுகளிலும் ஆப்பிரிக்கக் காடுகளிலும் தானே வளர்ந்த மரங்களிலிருந்தும் கொடிகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தனியுடைமையாக இருந்த காங்கோவில், குறித்த அளவு இரப்பர் கொண்டுவராத ஊரார் கொடுந்தண்டனைக்கு உள்ளாயினர், பலர் கொல்லப்பட்டனர், கைகள் வெட்டப்பட்டன. உலகம் கண்டித்தபின் 1908ஆம் ஆண்டில் அந்நாடு மன்னரிடமிருந்து பறிக்கப்பட்டுப் பெல்ஜிய அரசின் கீழ் வந்தது. இங்கிலாந்தின் பசுஞ்சாலையில் ஞாயிறு தோறும் மகிழ்ந்து சென்றோருள் எத்துணைப் பேர் இதனை எண்ணினர் எனச் சொல்லவொண்ணாது.

இதற்கிடையே, ஹென்றி விக்கம் 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். 1877ஆம் ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்திற்கு ஊறு நேராமல் மீண்டும் மீண்டும் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்தார். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் மலாக்காவில் இரப்பர்த் தோட்டம் அமைத்தார். அடுத்து மோட்டார் வண்டியும் பெருகவே, மலாயாவின் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. 1910களில் டன்லப் நிறுவனமே இங்குத் தோட்டங்களுக்கு உடைமையாளராயிற்று. 1920ஆம் ஆண்டளவில் உலகின் இரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா அளித்தது.

அத்தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பாலார் தமிழர். கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து அவர்கள் திரட்டப்பட்டனர். 1907ஆம் ஆண்டில் அமைந்த தமிழர் குடிபெயர்வு நிதியம் அவர்தம் கப்பற் செலவை ஏற்றது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருளில் மரத்தடிக்குச் சென்று, மங்கு கட்டிப் பால் வெட்டினர். புதிதாகக் காடு திருத்திய தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. முதல் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்துத் தொழிலாளர் மிதிவண்டியேறிச் சென்ற சாலைகளில், இத்தமிழர் எடுத்த பாலும் டயராக உருண்டது. அங்கொரு தொழிலாளி தன் ஓய்வு நாளின் இன்பத்தைத் துய்த்தான். இங்கொரு தொழிலாளி அதற்குரிய பொருளைத் தந்தான். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திலர். தோட்டத்து மக்களும் நாளடைவில் மிதிவண்டி வாங்கினர். ஆயின், அது அவர்க்கு முதலில் உழைப்பின் துணையாகவே அமைந்தது. பால் வாளியைச் சுமந்தது, பட்டணத்துச் சந்தைக்குச் சென்றது, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றது.

தாழ்வும் மீட்சியும்

இங்கிலாந்தில் 1930ஆம் ஆண்டில் தோன்றிய இளைஞர் விடுதிச் சங்கம் ஓரிரவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் தங்க இடமளித்தது. அதனால் ஒருநாட் பயணம் இருநாட் பயணமாக நீண்டது. 1949ஆம் ஆண்டில் பிரித்தானிய மக்கள் மிதிவண்டியில் சென்ற மொத்தத் தொலைவு ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர். மோட்டார் வண்டி எளியோர் கைக்கும் எட்டியபின் இத்தொலைவு சுருங்கிற்று. 1973ஆம் ஆண்டில் 370 கோடி கிலோமீட்டர் அளவுக்கு வீழ்ந்தது. அவ்வாண்டு எழுந்த எண்ணெய் நெருக்கடிக்குப்பின் மிதிவண்டி மீண்டும் மதிப்புப் பெறலாயிற்று. பழைய சுற்றுலாக் கழகம் 2016ஆம் ஆண்டில் புதுப்பெயர் பூண்டு தொடர்ந்து பணியாற்றி வருகிறது. தேவைக்கு மிதிவண்டி ஓட்டிய காலம் பெரிதும் கழிந்தபின்னும், இன்பத்திற்காக ஓட்டும் வார இறுதிப் பயணம் அழியாது நின்றமை குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவன இரண்டு. ஓய்வு நாள் தானே வந்ததன்று. அது பலர் கேட்டுப் பெற்ற உரிமை. கடைச் சிப்பந்தி அரை நாள் ஓய்வு பெறுவதற்கு, ஆலைத் தொழிலாளி அதனைப் பெற்றபின் அறுபது ஆண்டு காத்திருந்தான் என்பதே இதற்குச் சான்றாகும். மற்றொன்று, ஒருவர் துய்க்கும் எளிய இன்பத்திலும் கண்காணாத பலரின் உழைப்பு கலந்துள்ளது என்பது. வெள்ளைக்காரர் கண்டுபிடித்த ஊர்தி என்று மட்டும் மிதிவண்டியைப் பாடநூல் கூறுமாயின், அதன் டயரில் தம் முன்னோரின் பங்கு உண்டு என்பதைத் தமிழ் மாணவர் அறியாமலே போவர். ஞாயிறு விடியலில் சாலையில் இறங்கும் இளையோர் இவ்விரண்டையும் அறிந்து மகிழ்வோடு செல்வாராயின், அம்மகிழ்ச்சி குறையாது. நன்றியுணர்வும் சேர்ந்து அது நிறைவு பெறும்.